கதவுக் கயிறு

ரீக் என்னிடம் கடைசியாகக் கேட்டு வாங்கியது காப்பி வடிகட்டும் தாள். அதுவும் நான்காம் எண் தாள். அவளுடைய வடிகட்டிக்கு இரண்டாம் எண்தான் பொருந்தும். ஓரங்களை மடித்துச் சொருகிக்கொள்வாள். மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

"நாளைக்குத் திருப்பித் தந்துடறேன் ஆலி."

"வடிகட்டினதுக்கு அப்புறமா?"

"ஆமா, காயவெச்சுத் தரேன். உன் கஞ்சத்தனத்துக்கு அது போதும்."

இரண்டு பேரும் சிரித்தோம். பதினொன்றரைக்குத் தபால்காரர் வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரிக்கவில்லை.

நகராட்சியிலிருந்து இப்போது எனக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. இந்தப் பகுதியில் வாழ்வதில் உள்ள நன்மைகள் என்ன, குறைகள் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் எட்டெட்டு வரி இடம். போதாவிட்டால் தனித்தாளில் எழுதலாமாம். முப்பத்தோரு வருடம் நூலகக் கிளையில் வேலை பார்த்தவள் நான். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதித்தான் பழக்கம்.

நன்மைகள் உண்டு. இல்லை என்று சொல்பவர்கள் பழைய நாட்களை மறந்தவர்கள். கால்வாய்ப் பாலத்து விளக்கு இப்போது எரிகிறது. ஒரு காலத்தில் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் போதை ஊசிகள் கிடக்கும். குப்பை முறத்தில் வாரித் தகர டப்பாவில் போடுவேன். எட்டு வருடமாக ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நாய் வளர்ப்பவர்கள் பை எடுத்து வருகிறார்கள். எங்கள் ஆட்கள் ஒருநாளும் அதைச் செய்ததில்லை, எங்கள் வரிசையில் இருந்த நோல் உட்பட. ரொட்டி நன்றாக இருக்கிறது. மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே ஈரமாக. பழைய ரொட்டிக்கடைக்காரர் பஞ்சைத்தான் விற்றார். அவர் நல்ல மனிதர் என்பதால் யாரும் சொல்லவில்லை. பனி உறைந்த நாட்களில் இளம் பெண்கள் என் முழங்கையைப் பிடித்துப் பாலம் தாண்டிவிடுகிறார்கள். இதைக் கிண்டலாக எழுதவில்லை.

குறைகளும் உண்டு. நூலகம் இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம்; கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் ஓடும் பட்டைமேல் நடக்கிறார்கள். எங்கேயும் போய்ச் சேருவதில்லை. ஹெர்ரிங் மீன் வண்டி போய்விட்டது. வாடை வருகிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் மனு எழுதினார்கள். அந்த மனுவை என்னிடமே கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்கள், மிகவும் மரியாதையாக. யார் வீட்டில் யார் செத்தார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. பிப்ரவரியில் என் கணவர் ஈவர்ட்டின் பெட்டியை அந்தச் செங்குத்துப் படியில் இறக்கினார்கள். சவ வண்டி கிளம்பியபோது தெருவைப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி அன்று தெருவில் எல்லா வீட்டுத் திரைச்சீலையும் மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தவை இரண்டு: ரீக் வீடு, நோல் வீடு. எதிர்வீட்டில் மார்னிக்ஸ் என்ற இளைஞர் பெரிய தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்துக் கையசைத்தார். ஏதோ சுற்றுலா என்று நினைத்திருப்பார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. புதியவர்கள் எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை. துரோகம் செய்ய முதலில் நெருங்கிய ஆளாக இருக்க வேண்டும்.

ரீக் பக்கத்துக் கதவு. நாற்பத்து மூன்று வருடம். இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவிலேயே தனிக் கதவு. திறந்தால் நேரே மேலே ஏறும் படி. கதவின் தபால் துளை வழியாக ஒரு சணல் கயிறு வெளியே தொங்கும். அதை இழுத்தால் உள்ளே தாழ் விலகும். பிள்ளைகள், பால்காரர், அக்கம்பக்கம், யார் வந்தாலும் கயிற்றை இழுத்துவிட்டு, "ஆள் இருக்கா?" என்று கத்திக்கொண்டே ஏறுவார்கள். படுக்கப் போகும்போது உள்ளே இழுத்துக்கொள்வோம். காலையில் முதல் வேலையாக வெளியே விடுவோம். எட்டு மணிக்கும் கயிறு வெளியே வரவில்லை என்றால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். உடனே கதவைத் தட்டுவோம், தேவைப்பட்டால் உடைப்போம். காலையில் வெளியே விட்ட கயிறு பகலில் உள்ளே போயிருந்தால் வேறு பொருள்: ஆள் ஊருக்குப் போயிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை.

கடைசி வருடங்களில் கயிறு தொங்கிய கதவுகள் மூன்றுதான். எங்களுடையது, ரீக்குடையது, நோலுடையது. திருட்டுக்கு அழைப்பு வைக்கிறோம் என்று புதியவர்கள் ஒரு துண்டுத்தாள் போட்டார்கள். நோல் அந்தத் தாளையே சுருட்டித் தன் கயிற்று நுனியில் கட்டித் தொங்கவிட்டான்.

ரீக்குக்குக் கயிறு வெறும் பழக்கம் அல்ல. முப்பது வயதிலிருந்தே அவளுக்கு இன்சுலின் ஊசி. சில நாள் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிடுவாள். சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்த்து, கண் நிலைகுத்தி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பாள். அப்போது அவளால் படி இறங்கிக் கதவு திறக்க முடியாது. ராஸ்பெரி சர்பத்தைத் தண்ணீரில் கலந்து குடிக்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் பழைய ரீக் வந்துவிடுவாள். எத்தனை முறை அதைச் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தினமும் காலை பத்து மணிக்கு நான் அவள் வீட்டுக்குக் காப்பிக்குப் போவேன். காப்பிக்காகப் போவதாகத்தான் இருவரும் சொல்லிக்கொள்வோம்.

இனி அந்தக் கடிதம்.

எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள், எல்லாம் வீடுகளை வாடகைக்கு விடும் ஒரே சங்கத்துக்குச் சொந்தம். சங்கம் எல்லாவற்றையும் இடித்துத் திருத்தி, லிஃப்ட் வைத்து, பாதியை விற்க நினைத்தது. அதற்குக் குடியிருப்பவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் சம்மதம் தர வேண்டும். ஒன்பதில் ஏழு. மூன்று வீடுகள் மறுத்தால் திட்டம் நின்றுவிடும். திருத்திய பிறகு திரும்பி வரலாம் என்று அழகான தாளில் அச்சிட்டிருந்தார்கள். அடுத்த தெருவில் அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஆகவே டிசம்பரில், எங்கள் வீட்டில், பட்டாணிச் சூப்பு குடித்துக்கொண்டே முடிவு செய்தோம். மூன்று கதவும் மறுக்கும். ஈவர்ட் இருமிக்கொண்டே தலையாட்டினான். ரீக் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நோல், "என்னை இங்கேர்ந்து தூக்கணும்னா சன்னல் வழியா கொக்கி போட்டுத்தான் தூக்கணும், பியானோவ எறக்குற மாதிரி" என்றான்.

அந்தப் புதன்கிழமை தபாலில் வந்தது முடிவு. ஒன்பதில் ஏழு வீடுகள் சம்மதம். செப்டம்பருக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

நான் கடிதத்தோடு கீழே இறங்கினேன். நோல் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ரீக் தன் சன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு பேராம். நம்ம மூணு வீட்டுல ஒண்ணு" என்றேன்.

நோல் கடிதத்தை வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தான். "என்னைப் பாக்காதே ஆலி. என் பேரை எழுதவே எனக்கு அரைநாள் ஆகும். நான் எங்க போயி கையெழுத்துப் போட்டேன்?"

"சிரிக்காதே நோல்."

"சிரிக்கல. போட்டிருந்தா இந்தக் கை அழுகிப் போகட்டும். நீயே சொல்லு ரீக், நான் போடுவேனா?"

ரீக் துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

"நீ போட்டியா ரீக்?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்ப யாரு? செத்துப்போன ஈவர்ட் வந்து போட்டானா?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டாள். "விடு ஆலி. ஆனது ஆச்சு. லிஃப்டு வந்தா உன் முட்டிக்கும் நல்லதுதானே."

அவ்வளவுதான் சொன்னாள். கதவைச் சாத்தாமல்தான் உள்ளே போனாள். நோல் என்னைப் பார்த்தான். நான் நோலைப் பார்த்தேன். லிஃப்டைப் பற்றி நல்லதாக எங்களில் ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

மறுநாள் வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு ரீக்கின் கயிறு வெளியே தொங்கியது, நோல் பார்த்திருக்கிறான். பதினொரு மணிக்கு அவன் அவளுக்குக் கொடுக்க இரண்டு ஹெர்ரிங் மீன் வாங்கிவந்தான், சமாதானத்துக்கு. டிராம் ஏறிப் போய் வாங்கிய மீன். அப்போது கயிறு உள்ளே இருந்தது. கோபித்துக்கொண்டு ஹோர்ன் ஊரில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தான். வேறு எதையும் நினைக்க இந்தத் தெரு அவனுக்குச் சொல்லித்தரவில்லை. மீனை என்னிடம் கொடுத்தான். "வெச்சா கெட்டுரும், நீயாவது தின்னு." நான் வெங்காயத்தோடு தின்றேன்.

வியாழன் மாலை மார்னிக்ஸ் அவள் கதவில் மணி அடித்தார். அவளுக்கு வந்த பார்சலை அவர் வாங்கிவைத்திருந்தார். அவருக்குக் கயிறும் தெரியாது, அது உள்ளே போனால் என்ன பொருள் என்பதும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை மறுபடி அடித்தார். தபால் துளை வழியாகக் கூப்பிட்டார். பதில் இல்லை. வயதானவர், தனியாக இருப்பவர், மேலே விளக்கு எரிகிறது. இவ்வளவுதான் அவர் கணக்கு. உடனே அவசர எண்ணுக்குத் தொலைபேசினார். இதையும் நன்மைகளில் சேர்த்துக்கொள்ளலாம். பழையவர்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. ஒருநாள் தாமதமாக, அவ்வளவுதான்.

ரீக் மேசைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். தோளில் சால்வை இருந்தது.

நோல் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதான். "மீனக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன் ஆலி. அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னேன். ஒரு தட்டுத் தட்டியிருந்தா?"

"கயிறு உள்ள இருந்துச்சே, நீ என்ன பண்ணுவே" என்றேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் கோடையில் புர்மரெண்ட் ஊரில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். மகள் தொலைபேசியில் சொன்னாள், "ஆலி அத்தை, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு." நானும் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும்.

இதுவரை எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை பத்து மணியை விட்டுவிட்டேன்.

நான் போகவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். போனேன். கோபத்தோடுதான் போனேன், ஆனால் பத்து மணிக்குச் சரியாகப் போனேன். கயிற்றை இழுத்து, "ஆள் இருக்கா?" என்று கேட்காமல் ஏறினேன்.

ரீக் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டிருந்தாள், ரொட்டி வெண்ணெய் தடவியபடி தட்டில் அப்படியே இருந்தது. இரவு தூங்கவில்லை போலிருக்கிறது. நெற்றி முழுக்க வியர்வை. என்னைப் பார்த்து, "பஸ் வந்துடுச்சா?" என்றாள். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. சர்பத் புட்டி எப்போதும் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கும். எடுத்தேன். குவளையில் தண்ணீர் பிடித்தேன். புட்டியின் மூடியைத் திறந்தேன்.

அப்போது அவள் சொன்னாள்: "ஈவர்ட் கிட்ட சொல்லிடுங்க, தபால்ல போட்டுட்டேன்னு."

"எதை?"

"அந்தத் தாளத்தான். சங்கத்துத் தாளு. பாவம், அவனால படி எறங்க முடியல." பிறகு விரலை உதட்டில் வைத்தாள். "ஆலிக்குத் தெரியக்கூடாதாம்."

மூடியைத் திரும்ப மூடினேன்.

நான் செய்ததை இங்கே சரியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை இறங்கிய நேரத்தில் ரீக்குக்குப் பொய் சொல்ல வராது; அதே சமயம் சர்பத் உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் அவள் தெளிந்துவிடுவாள், வாயை மூடிக்கொள்வாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் அவள். எனக்கோ தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருந்தது. ஆகவே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். நூலகத்தில் பிள்ளைகளிடம் புத்தகத்தை எங்கே தொலைத்தாய் என்று கேட்பேன் அல்லவா, அந்தக் குரலில் கேட்டேன். அதட்டவே இல்லை.

"ஈவர்ட் ஏன் கையெழுத்துப் போட்டான்?"

"அவ முட்டி. நான் போயிட்டா அவ மேலயே கெடப்பா, ஒருநாள் உருண்டு விழுவான்னான். லிஃப்டு வேணும், லிஃப்டு வேணும்னு அழுதான்."

"எங்க உக்காந்து அழுதான்?"

"அவங்க அடுக்களையில. ஆலி சந்தைக்குப் போயிருந்தா."

"ஒரு தடவையா?"

"நெறைய தடவ." அவள் சிரித்தாள். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம."

ஐம்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவன் ஈவர்ட். என் முன்னால் ஒருநாள்கூட அழுததில்லை. மருத்துவர் நாள் குறித்துச் சொன்னபோதும், "சரி, காப்பி போடு" என்றுதான் சொன்னான். நான் வெள்ளிக்கிழமைதோறும் சந்தைக்குப் போய் அவனுக்குப் பிடித்த பேரிக்காயைத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவன் என் அடுக்களையில் இன்னொருத்தியின் முன்னால் அழுதிருக்கிறான். நான் திரும்பி வரும்போதெல்லாம் ரீக் எழுந்து, "நல்லா தூங்கினாரு" என்பாள். நான் நன்றி சொல்வேன். பேரிக்காயில் ஒன்றை அவளிடம் கொடுத்தும் அனுப்புவேன்.

என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று கேட்டேன். அவன் சொன்னதையெல்லாம் கேட்டேன். அவள் சொன்னதில் சில நல்ல வார்த்தைகளும் இருந்தன. அவற்றை இங்கே எழுதவில்லை, அவை என்னுடையவை. அவள் சொற்கள் குழறி ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தன. குவளை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது, வெறும் தண்ணீரோடு. இன்னும் ஒரு கேள்வி, அதற்குப் பிறகு கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். கடைசியில் அவள் "குளிருது" என்றாள் என்று நினைக்கிறேன். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டேன். பிறகு கேள்வி கேட்டும் பதில் வரவில்லை.

குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன். சர்பத் புட்டியை இரண்டாம் தட்டில் பழைய இடத்திலேயே வைத்தேன். வேண்டுமென்றால் எழுந்து எடுத்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியை இறுகத் திருகியிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். படியோரத்துக் கைப்பிடிக் கயிற்றைப் பற்றிக்கொண்டு படி இறங்கினேன். முட்டி வலித்தது. தெருவில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, தொங்கிய சணலைத் துளைக்குள் தள்ளினேன். இரண்டு விரல் போதும். அதற்கு என்ன பொருள் என்று அறிந்தவர்கள் அந்தத் தெருவில் அப்போது நானும் நோலும் மட்டுமே.

திருத்திய வீட்டுக்கு நான் திரும்பி வந்துவிட்டேன். ஒன்பது வீட்டில் நான் ஒருத்திதான். லிஃப்ட் சத்தமில்லாமல் போகிறது. குளியலறைக்குள் படியே இல்லை, நேராக நடந்து போகலாம். முட்டி வலி குறைந்துவிட்டது. ஈவர்ட் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. செத்தவனோடு எப்படிச் சண்டை போடுவது? ரீக்மேலும் இப்போது இல்லை. நான் அவளுக்கு எதுவும் செய்யவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் நான் உண்மையில் எதையும் செய்யவில்லை. ஒரு குவளைச் சர்பத்தைக் கலக்கவில்லை, அவ்வளவுதான். அதைக் கொலை என்று எழுதலாம் என்று இப்போது தோன்றுகிறது. எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்த மருத்துவர் இளைஞர், நிதானமானவர். ரீக்கின் அடுக்களையில் நின்றபடியே என்னிடம் கேட்டார்: "நேத்து நீங்க மேல வந்தீங்களாம்மா?"

"இல்லைங்க. கயிறு உள்ள இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. நோல்தான் அழுதுகொண்டே கயிற்றைப் பற்றி விளக்கினான். மருத்துவர் தலையாட்டிவிட்டு எழுதினார்: சர்க்கரை இறங்கிய மனக்குழப்பத்தில் கயிற்றை இறந்தவரே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார். ரீக்கின் தங்கைக்கு ஒரு பிரதி வந்தது; எனக்கும் காட்டினாள். அந்த வரி இன்றும் அப்படியேதான் இருக்கிறது.